ஃபுல் டேங்க் ரொவீனா

ஐஸ் கிடங்கில் டூலி அவளைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"வாங்க வாங்க, ஃபுல் டேங்க்! எத்தனை பெட்டி? இல்ல, ஐஸும் ஏற்கெனவே ஃபுல்லா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவன் சிரிப்பை மறைக்கத் தொப்பியை இறக்கிக்கொண்டான். அது ரொவீனாவுக்கு இன்னும் எரிந்தது. நேராகச் சிரித்துத் தொலைக்கலாமே.

"இந்த வாரம் ஐஸ் வேண்டாம்னு சொல்ல வந்தேன். படகு தரையில இருக்கு."

"தரையில இருக்குறதும் நல்லதுதான். அங்க பெட்ரோல் தீர்ந்தா இழுத்துட்டு வர ஆள் தேட வேண்டாம் பாரு."

அவள் வெளியே வந்தாள். பிக்கப் வண்டியின் கதவை அறைந்து சாத்தியதில் கண்ணாடி குலுங்கியது. பாலத்தைத் தாண்டும்போது வலது பக்கம் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் முகத்துவாரத்தில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது.

நரூமா என்ற இந்தக் கடற்கரை ஊரில் படகு வைத்திருக்கிற யாரும் அந்த முகத்துவாரத்தைத் தாண்டாமல் பிழைக்க முடியாது. ஆற்று நீரும் கடலும் முட்டிக்கொள்ளும் இடம். அடியில் மணல் மேடு இன்றைக்கு இருந்த இடத்தில் நாளைக்கு இருக்காது. உள்ளே நுழையும் முன் ஒவ்வொரு படகும் ரேடியோவில் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும். படகின் பெயர், எத்தனை பேர், எவ்வளவு பெட்ரோல், மூன்றையும் சொல்ல வேண்டும். சொல்வது ஊருக்கே கேட்கும். படகில்லாதவர்கள்கூடச் சமையலறையில் அந்த அலைவரிசையை வைத்துக்கொண்டுதான் உருளைக்கிழங்கு உரிப்பார்கள்.

போன வியாழக்கிழமை ரொவீனா தன் வாயாலேயே சொன்னாள். "டெர்ன். ரெண்டு பேர். கிட்டத்தட்ட ஃபுல் டேங்க்."

சொல்லி ரேடியோவை மாட்டிவிட்டு, சரியான அலையின் முதுகில் ஏறி, பாதி வழி வந்திருப்பாள். எஞ்சின் இருமியது. இன்னொரு தடவை இருமி நின்றேவிட்டது. பின்னால் அடுத்த அலை தலை தூக்கிக்கொண்டிருந்தது. முன்னால் இருந்த அவள் தம்பி நெவில் யாரும் சொல்லாமலே நங்கூரத்தை எறிந்தான். அது பிடித்ததால் படகு அலைக்கு முகம் கொடுத்துத் திரும்பியது. இரண்டு அலை தலைக்கு மேலே வந்து போனது. மீட்புப் படகு வந்து கயிறு போட்டு இழுக்கும்போது, கருங்கல் கரையில் சீல் எனும் கடல்நாய்களைப் பார்க்க வந்திருந்த கூட்டம் மொத்தமும் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தது.

துறையில் மீட்புக் குழுக்காரர் டேங்க்கின் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டுப் பார்த்தார். "காய்ஞ்சு கெடக்கு," என்றார். பிறகு குனிந்து பெட்ரோல் மீட்டரைப் பார்த்தார். புது மீட்டர். கறுப்பு வட்டத்துக்குள் சிவப்பு விளக்கோடு பளபளவென்று இருந்த அதன் முள், ஃபுல்லையும் தாண்டி ஓரத்தில் சாய்ந்து படுத்திருந்தது. அவர் ரொவீனாவைப் பார்த்தார். அவள் ரேடியோவில் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்தான் அவரும். அந்தப் பார்வையும் படமாகிவிட்டது. அவள் தலை காய்வதற்குள் ஊரின் இணையப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். அன்று இரவே அவளுக்குப் பெயரும் வைத்தாயிற்று.

பெயரைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதது வேறு. அதற்கு முன்பே ஒரு மாதமாக அவளும் நெவிலும் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாள் கிளப்பில் பந்து உருட்டும் புல்வெளிக்குப் பக்கத்து மேஜையில் நெவில் நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ரோவுக்கு இப்பல்லாம் முகத்துவாரத்துல கை நடுங்குது. சீக்கிரம் ஸ்டியரிங் எங்கிட்ட வந்துரும்." அவள் பின்னால் கோப்பைகளோடு நின்றிருந்தாள். கோப்பைகளை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். மறுநாள் காலையில் வழக்கம்போலத் துறைக்குப் போனாள். வழக்கம்போலக் கடலுக்குப் போனார்கள். வார்த்தை மட்டும் இல்லை.

அவர்களுக்கு வார்த்தை தேவைப்படவும் இல்லை. அத்தனை வருஷம் ஒரே படகில் நின்றவர்கள். அவள் எஞ்சினைக் குறைத்தால் அவன் தூண்டில் கயிற்றை எடுப்பான். அவன் தோளைச் சாய்த்தால் அவள் படகைத் திருப்புவாள். பேசாமலே பெட்டி நிறைய ஸ்னாப்பர் மீன் பிடித்தார்கள். அது அவளை இன்னும் கடுப்பேற்றியது. இவனோடு பேசாமல் இருப்பது இவனுக்கு உறைக்கவே இல்லையே.

படகை இழுத்துக்கொண்டு வந்த அன்று படகு ஏற்றி இறக்கும் சாய்தளத்தில் நின்று அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யார் தப்புன்னு தெரிஞ்சாகணும், நெவ். நீ பண்ணின வயரிங்னா நீ படகை விட்டு எறங்கு. என் தப்புன்னா நான் எறங்கிக்கிறேன். எறங்குறவங்க பாதிப் பங்கை நிக்கிறவங்க வாங்கிக்கலாம்."

"எழுதிக் குடுக்கணுமா?"

"வேணாம். உன் எழுத்தை எவன் படிக்கிறது."

"சரி," என்றான் அவன். ஈரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தான். 

இப்போது படகு அவள் வீட்டுக் கொட்டகைக்கு வெளியே டிரெய்லரில் நின்றது. ஆறரை மீட்டர் அலுமினியப் படகு. நெவில் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டுப் படுத்துக்கிடந்தான். வெளியே தெரிந்த கால்களுக்குப் பக்கத்தில் பாதி தின்ற இறைச்சி பஃப் காகித உறையோடு கிடந்தது. தரையெல்லாம் அதன் துணுக்கு.

"தின்னுட்டு வந்து படுத்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டே ஏணியில் ஏறினாள்.

"தின்னுக்கிட்டே படுத்தா என்ன?" என்றது உள்ளிருந்து குரல்.

குளிர்காலத்தில் அவன் தலைமேல் போட்டுக்கொண்டு தொடங்கிய வேலை அது. மீட்டர்கள் இருந்த பழைய பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதுப் பலகை. மீன் காட்டும் வண்ணத் திரை, பேட்டரி மீட்டர், பெட்ரோல் மீட்டர், தண்ணீர் புகுந்தால் கத்தும் மணி. எல்லாம் புதுசு. ஒன்றைத் தவிர. டேங்க்குக்குள் பெட்ரோலில் மிதந்து அளவு சொல்லும் ஃப்ளோட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்று அவன் கேட்டான். பழையது நன்றாகத்தான் இருக்கிறது, பொம்மை வாங்குகிற மாதிரி எல்லாவற்றையும் வாங்காதே என்று அவள் சொல்லிவிட்டாள். அதனால்தான் இந்தச் சண்டைக்கு இரண்டே முடிவுகள் இருந்தன. ஃப்ளோட் கெட்டிருந்தால் அது அவள் கஞ்சத்தனம். வயர் கெட்டிருந்தால் அவன் கைவேலை.

அவள் ரேடியோவை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். மீன் திரை அணைந்து, மறுபடி பிறந்தது போலக் கண் சிமிட்டி எழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி அணைந்தது.

"பாத்தியா?" குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. "ரேடியோல பேசினா திரை போகுது. இதுதான் உன் வயரிங். எர்த் சரியில்ல. இதுலேயே உன் பெட்ரோல் முள்ளும் பைத்தியம் புடிச்சிருக்கும்."

"இரு, கத்தாதே."

"நான் கத்தல."

"பக்கத்து வீட்டு நாய்கிட்ட கேளு."

அவன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கறுப்பு வயர்கள் எல்லாம் வந்து சேரும் கட்டையைத் தேடினான். ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தான். ஒன்று கையோடு வந்தது. முனையில் பச்சை பூத்து, பிசுபிசுவென்று, உப்பில் ஊறிப்போன ஒரு முடிச்சு.

"அய்யோ, இதை வெச்சுக்கிட்டா கடலுக்குப் போனோம்!" ரொவீனாவுக்கு நெஞ்சு லேசானது. வெற்றி இவ்வளவு சீக்கிரம் வரும் என்று நினைக்கவில்லை. "எறங்கு. இப்பவே எறங்கு."

நெவில் வெளியே நகர்ந்து உட்கார்ந்தான். முடிச்சை வெளிச்சத்தில் காட்டினான். அதன் மேல் நீல டேப் சுற்றியிருந்தது.

"நான் நீல டேப் வாங்கியிருக்கேனா என்னிக்காவது?"

அவள் டேப்பின் நுனியை நகத்தால் சுரண்டினாள்.

"போன கோடையில தண்ணி எறைக்கிற பம்பு நின்னப்போ யாரு அவசரமா ஒரு வயரை முறுக்கி இங்க சொருகினது? உன் சமையலறை டிராயர்ல இருந்த டேப். பிரெட் பாக்கெட்டுக்குச் சுத்துற டேப்."

"அது தற்காலிகமா போட்டது."

"இந்தப் படகுல தற்காலிகமா போட்டதுதான் ஆயுசுக்கும் நிக்குது." அவன் முடிச்சை வெட்டி எறிந்தான். வயர் முனையைப் பளபளவென்று தெரியும் வரை சுரண்டி, புது முனை வைத்து நெரித்து, கட்டையில் முறுக்கினான். "இப்ப ரேடியோவை அழுத்து."

அழுத்தினாள். திரை அசையவில்லை.

பெட்ரோல் முள் மட்டும் ஃபுல்லிலேயே கிடந்தது. சாய்தளம் வரை ஓட்டிப் போவதற்காக ஒரு கேன் ஊற்றியதைத் தவிர டேங்க்கில் ஒன்றுமே இல்லை.

"பச்சை பூத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்றான் நெவில். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் சிரிப்பு வரப்போகிற மாதிரி ஒரு மூலை இழுத்திருந்தது. சின்ன வயதில் சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு வந்தாலும் இப்படித்தான் இழுக்கும். அதைப் பார்த்தாலே அவளுக்குக் கை பரபரக்கும்.

அவன் தரையில் இருந்த சின்ன மூடியைத் திறந்தான். கீழே டேங்க்கின் முதுகு, அதில் ஃப்ளோட்டின் தலை, அதிலிருந்து வரும் ஒற்றை வயர். அதைக் கழற்றினான். மீட்டரில் முள் தொப்பென்று காலிக்கு விழுந்தது. வயரின் முனையை எர்த்தில் தொட்டான். முள் துள்ளி ஃபுல்லுக்குப் போனது. எடுத்தான், விழுந்தது. தொட்டான், எழுந்தது. வேண்டுமென்றே இன்னும் ஒரு தடவை செய்தான்.

"மீட்டர் உயிரோட இருக்கு. வயர் உயிரோட இருக்கு. மிச்சம் என்ன இருக்கு, ரோ?"

"பேட்டரியை மொதல்ல அணை. டேங்க்கைத் தொறக்கப் போறே. பெட்ரோல் ஆவியில ரெண்டு பேரும் கூரைக்குப் போயிருவோம்."

"மிச்சம் என்ன இருக்குன்னு கேட்டேன்."

"அணைடா மொதல்ல!"

அவன் பேட்டரியை அணைத்தான். "உன் ஃப்ளோட் இருக்கு. பத்து வருஷம் ஓடும்னு நீ சொன்ன ஃப்ளோட். மேலேயே மாட்டிக்கிட்டு நின்னிருக்கும். டேங்க் காலியாக காலியாக அது மட்டும் எறங்காம ஃபுல் ஃபுல்னு பொய் சொல்லியிருக்கும். அதை நம்பி ரேடியோல நீயும் சொன்னே."

 அப்படித்தான் இருக்கும் என்று உள்ளே எங்கோ அவளுக்கும் தோன்றியிருந்தது. அப்படியானால் படகு போயிற்று. அவள் பாதி இவனுக்குப் போகும். விடியற்காலையில் ஆறு கறுப்பாக இருக்கும்போது கயிற்றை அவிழ்ப்பது போயிற்று. ஸ்டியரிங் பிடிக்கும் கை நடுங்குகிறதா இல்லையா என்பது பற்றி யாருக்கும் கவலை இருக்காது, ஏனென்றால் பிடிக்க ஒன்றும் இருக்காது. கிளப்பில் அதே மேஜையில் உட்கார்ந்து நெவில், சொன்னேனே, சீக்கிரம் எங்கிட்ட வரும்னு, என்பான்.

"கழட்டு," என்றாள்.

ஐந்து திருகாணிகள். இரண்டு உப்பில் இறுகியிருந்தன. அவன் எண்ணெய் விட்டுவிட்டுக் காத்திருந்தான். இருவரும் எதிர் எதிர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டீ இருந்தது, யாரும் ஊற்றவில்லை. கொட்டகைத் தகரம் வெயிலில் டிக் டிக்கென்று சத்தம் போட்டது.

ஃப்ளோட் வெளியே வந்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. நீளக் கம்பி, முனையில் ஒரு கை, கையின் நுனியில் கறுப்பு மிதவை. ரொவீனா அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கினாள். சுண்டுவிரலால் மிதவையைத் தூக்கிவிட்டாள். வழுக்கிக்கொண்டு மேலே போனது. விட்டாள். வழுக்கிக்கொண்டு கீழே வந்தது. எங்கும் தடங்கல் இல்லை.

"இதுவா மாட்டிக்கிச்சு?" அவள் அதை அவன் மூக்குக்கு நேராகப் பிடித்து ஆட்டினாள். "பாரு. டாட்டா காட்டுது பாரு உனக்கு. எங்க மாட்டியிருக்கு? காட்டு. எங்க?"

நெவில் தானும் ஒரு விரலால் மிதவையைத் தள்ளிப் பார்த்தான்.

"ஃப்ளோட் சரியா இருக்கு. அப்ப மிச்சம் என்ன இருக்கு, நெவ்? நீ இருக்கே."

"இரு."

"இருக்க முடியாது. பையைக் கட்டு. கிளப்புல போய்ச் சொல்லு, ரோவுக்குக் கை நடுங்குது, எனக்குப் புத்தியே நடுங்குதுன்னு."

"ரோ, ஒரு நிமிஷம் வாயை மூடு." அவன் குரல் மாறியிருந்தது. மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்து அதன் இரண்டு முனைகளையும் ஃப்ளோட்டின் தலையில் வைத்தான். மிதவையைக் கீழே விட்டான். பார்த்தான். மேலே தூக்கினான். பார்த்தான். மறுபடி கீழே. பிறகு எழுந்து போய்ப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு, மீட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து, பெரிதாக்கிப் பார்த்தான். வந்து படகின் ஓரத்தில் உட்கார்ந்தான். 

"என்னடா?"

"தலைகீழ்," என்றான்.

"எது?"

"இந்த ஃப்ளோட் ஐரோப்பாக்காரன் செஞ்சது. டேங்க் காலியா இருந்தா சின்ன நம்பர் அனுப்பும். நெறைய நெறைய நம்பர் பெருசாகும். நான் வாங்கின மீட்டர் அமெரிக்காக்காரன் கணக்கு. அவனுக்குப் பெரிய நம்பர்னா காலி. சின்ன நம்பர்னா ஃபுல். ரெண்டும் ஒழுங்காத்தான் இருக்கு. ஒண்ணு பேசுறதை இன்னொண்ணு உல்டாவாப் புரிஞ்சிக்குது."

"அதனால?"

"பெட்ரோல் தீரத் தீர முள் ஏறும்."

"மாட்டின அன்னைக்குப் பாக்கலையா நீ?"

"பாத்தேன்! அந்த வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமைதான் மீட்டரைக் கடைசியா மாட்டினேன், பாதி டேங்க் இருந்துச்சு. முள்ளும் பாதியில நின்னுச்சு. எவன் கணக்கா இருந்தாலும் பாதின்னா பாதிதான். சரியா இருக்குன்னு மூடினேன்." அவன் நெற்றியை உள்ளங்கையால் தேய்த்தான். "ஜோடியா வாங்கணும்னு கடையில சொன்னாங்க. உங்கிட்டயும் சொன்னேன்."

"ஏன்னு சொன்னியா?"

"ஏன்னு எனக்கே தெரியாது. வியாபாரத்துக்குச் சொல்றான்னு நெனச்சேன்."

"தெரியாம மாட்டினே."

"ஆமா." அவன் அதைச் சண்டை இல்லாமல் சொன்னான். "ஆமா, மாட்டினது நான்தான். எறங்கிக்கிறேன்."

அவன் எழுந்து தன் சாமான்களைப் பார்க்கத் தொடங்கினான். மஞ்சள் மழைக்கோட்டு. மீன் செதில் ஒட்டிய கத்தி. பெட்டிக்கு அடியில் இருந்த குல்லாய். ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தான்.

ரொவீனா அசையவில்லை. ஜெயித்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தால் போதும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்குக் கஷ்டமான வேலையே இல்லை. ஆனால் 'தீரத் தீர முள் ஏறும்' என்று அவன் சொன்ன நொடியிலிருந்து அந்த வாரத்துக் காலைகள் அவளுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

படகைத் துறையில் கட்டுபவர் பெட்ரோல் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு மற்றவரிடம் "ஊத்திட்டேன்" என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதுதான் அவர்கள் வழக்கம். பம்பில் இருவருக்கும் ஒரே கணக்கு. பேச்சு நின்ற பிறகு அந்த ஒரு சொல்லும் நின்றுபோனது. சாயங்காலம் கயிற்றை மாட்டியதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தார்கள். திங்கள்கிழமை நாமாவது ஊற்றியிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டுதான் செவ்வாய் காலை வந்து சாவியைத் திருப்பினாள். முள் முந்தின நாளைவிட மேலே நின்றது. நெவ் முன்னாடியே வந்து ஊற்றியிருக்கிறான். புதன்கிழமை இன்னும் மேலே. வியாழக்கிழமை இன்னும்.

இவன் பிறந்ததிலிருந்து இவனை அவளுக்குத் தெரியும். மன்னிப்பு என்ற சொல் இவன் வாயில் வந்ததே இல்லை. சைக்கிளை உடைத்தால், ஒன்றும் சொல்லாமல் மறுநாள் அவள் காலணிக்குப் பாலிஷ் போட்டு வைப்பான். இது அதுதான் என்று நினைத்தாள். கிளப்பில் வாய் தவறியதற்காக இருட்டில் எழுந்து வந்து பெட்ரோல் ஊற்றுகிறான். முட்டாள். புதன்கிழமை அவனுக்குரிய தூண்டில் இரையையும் சேர்த்து அவளே நறுக்கி வைத்தாள். வியாழக்கிழமை பிஸ்கட் டப்பாவில் இருந்த கடைசி இஞ்சி பிஸ்கட்டை அவன் பக்கம் தள்ளினாள். அவன் எடுத்துத் தின்றான். முகத்துவாரத்துக்குத் திரும்பும்போது அவள் மனசு லேசாக இருந்தது. அதனால்தான் ரேடியோவில் அப்படி ராகம் போட்டுச் சொன்னாள்: கிட்டத்தட்ட ஃபுல் டேங்க்.

இல்லாத பெட்ரோலுக்காக அவனை மன்னித்திருக்கிறாள். யாரும் கேட்காத மன்னிப்பைக் கொடுத்திருக்கிறாள். பேசாமல் இருந்த ஒரு மாதத்துக் கோபம் திரும்பி வந்தது. வரும்போது வட்டியோடு வந்தது.

நெவில் குல்லாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றான், அவளைப் பார்க்காமல். "காலையில நான் வரும்போதெல்லாம் முள் ஏறியிருந்துச்சு. நீதான் ஊத்துறேன்னு நெனச்சேன்."

"என்ன?"

"கோவம் கொறைஞ்சிடுச்சு, வாய் விட்டுச் சொல்ல நீ வெக்கப்படுறேன்னு நெனச்சேன். இரையெல்லாம் நறுக்கி வெச்சியே. அதனாலதான் வியாழக்கிழமை உனக்கு முன்னாடி வந்து மீன் வெட்டுற பலகையெல்லாம் கழுவி வெச்சேன்."

பலகை கழுவியிருந்ததை அவள் பார்த்திருந்தாள். பெட்ரோல் ஊற்ற வந்தவன் அப்படியே கழுவியும் இருக்கிறான் என்று நினைத்திருந்தாள்.

"நீ ஊத்தல," என்றாள்.

"இல்ல. நீ?"

"நானும் ஊத்தல! நீ ஊத்துறேன்னு நெனச்சேன்! தெனமும் நெனச்சேன்! எந்திரிச்சு வந்து, சாவியைத் திருப்பி, முள்ளைப் பாத்து, அய்யோ பாவம் என் தம்பின்னு நெனச்சேன்!" கையில் இருந்த ஃப்ளோட்டை அவள் தரையில் எறிந்தாள். அது அலுமினியத்தில் மோதி டங்கென்று துள்ளியது. "உனக்குக் கடைசி பிஸ்கட் குடுத்தேன்டா!"

நெவில் வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். "நீயும் முள்ளைப் பாத்தியா?"

"கண்ணு இல்லையா எனக்கு?"

"அப்ப ஏன் கேக்கல? ஊத்தினியாடான்னு ஒரு வார்த்தை?"

"நீ ஏன் கேக்கல?"

"நீதான் பேசலையே!"

"நீதான் கிளப்புல பேசிட்டியே! எல்லாத்தையும் அங்கயே பேசி முடிச்சுட்டியே! கை நடுங்குதாம். என் கை நடுங்குதா? அந்த அலை வரும்போது நடுங்குச்சா? முன்னாடிதானே நின்னே, பாத்தியா?"

"பாத்தேன். நடுங்கல." அவன் எழுந்துவிட்டான். மடியில் இருந்ததெல்லாம் கீழே கொட்டியது. "ஆனா போன மாசம் நடுங்குச்சு. கிளப்புல நான் சொல்றதுக்கு முன்னாடி நடுங்குச்சு. தெற்குக் காத்து அடிச்ச அன்னைக்கு. நீ ரெண்டு தடவை உள்ளே வரப் பாத்து ரெண்டு தடவையும் திருப்பினே. எனக்கு பயமா இருந்துச்சு. உங்கிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு. அதான் அவனுங்ககிட்ட சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லப் பயம். ஊர்ல சொல்லப் பயமில்ல."

"ஆமா! உன் மூஞ்சிய நீ பாத்ததில்ல!"

"கோழை!"

"ஆமா! நீ?"

"நான் என்ன?"

"தெற்குக் காத்துக்கு அப்புறமாவது, 'நெவ், இன்னைக்கு நீ ஓட்டு'ன்னு நீ எங்கிட்ட சொன்னா வாய் வெந்துருமா?"

பக்கத்து வீட்டு நாய் வேலிக்கு வந்து குரைத்தது. "நீ சும்மா கெட!" என்று இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்துக் கத்தினார்கள். நாய் வாயை மூடிக்கொண்டது. அது அவர்களுக்குச் சிரிப்பு மூட்டியிருக்கலாம். மூட்டவில்லை. ரொவீனாவுக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. மூச்சு வாங்கியது. ஒரு மாதமாகப் பேசாமல் வைத்திருந்தது அத்தனையும் வாய்க்குள் தயாராக, வரிசையாக நின்றது.

"தெற்குக் காத்துல என் கை நடுங்குச்சு," என்றாள். அதையும் கத்தித்தான் சொன்னாள். "நடுங்குச்சு. போதுமா? அன்னைக்கு எங்க மணல் இருக்குன்னே எனக்குத் தெரியல. உன்னைத் திரும்பிப் பாத்தேன். நீ கயித்தைச் சுத்திக்கிட்டு இருந்தே. வேணும்னே பாக்கல."

"வேணும்னேதான் பாக்கல," என்றான் நெவில். "பாத்தா நீ கேப்பே. கேட்டா நான் ஓட்டணும். எனக்கும் தெரியல மணல் எங்க இருக்குன்னு."

அவள் அவனை முறைத்தாள்.  எதையாவது சொல்லாமல் விட மனமில்லை. சொல்லாமல் விட்டதுதான் இத்தனையும்.

"அந்த மழைக்கோட்டு மேல நிக்காதே," என்றாள் கடைசியில். "கிழிஞ்சா புதுசு வாங்கித் தருவியா?"

"இது என்னோடது!"

"யாரோடதா இருந்தா என்ன, படகுல இருக்குல்ல! எறங்குறேன்னு சொல்லி அரைமணி நேரமாச்சு, இன்னும் அதை மிதிச்சுக்கிட்டே நிக்கிறே!"

"நீதானே எறங்கச் சொன்னே?"

"சொன்னேன். என் தப்புன்னா நான் எறங்குறேன்னும் சேத்துச் சொன்னேன், பெட்ரோல் ஊத்தாததுல என் தப்பும் இருக்கு. ரெண்டு பேரும் எறங்கினா படகை எவன் ஓட்டுறது? டூலியா?"

"டூலிக்கு ஐஸ் வண்டியே ஓட்டத் தெரியாது."

"நாளைக்குப் போய் அமெரிக்காக்காரன் ஃப்ளோட் வாங்கு. ஜோடியா வாங்கு. டேங்க்கை முழுசா நெரப்பி, முழுசா காலி பண்ணி, முழுசா பாத்துட்டு மாட்டு. நான் நின்னு பாப்பேன்."

"நீ நிப்பே. உன் நீல டேப்பைக் கொண்டு வராம நில்லு."

"என் டேப்பைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே..."

அவன் பேசினான். அவளும் பேசினாள். பெட்ரோல் பற்றி, பிஸ்கட் பற்றி, கிளப்பில் யார் யார் எப்படிச் சிரித்தார்கள் என்பது பற்றி, எந்தக் காற்றுக்கு யார் ஓட்டுவது என்பது பற்றி, சின்ன வயதில் அவள் சைக்கிளை உண்மையில் உடைத்தது யார் என்பது பற்றி. வேலிக்கு அந்தப் பக்கம் நாயின் சொந்தக்காரி வந்து நின்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். வெயில் கொட்டகைத் தகரத்தை விட்டு இறங்கியது. டீ ஆறிப்போய்க் கிடந்தது. டிரெய்லர்மேல் நின்ற படகில் இருவரும் எதிர் எதிரே நின்று, தொண்டை கட்டும் வரை கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் இறங்கவில்லை.